டாக்காவில் ஆட்டம், குமணன்சாவடியில் வியர்வை

செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே தரை முழுக்க வெள்ளைத் துணி விரிந்து கிடக்கிறது. அதில் ஒரு கால்தடம் பட்டாலும் தையல் அக்கா சும்மா விடமாட்டார். குமணன்சாவடியில், மெட்ரோ தூண்கள் வரிசைகட்டி நிற்கும் டிரங்க் ரோட்டை விட்டு ஒரு சந்துக்குள் நுழைந்து, மளிகைக் கடை மாடிக்குப் போகும் இரும்புப் படியில் ஏறினால், கடைசிப் படியிலேயே அனல் வந்து முகத்தில் அறைகிறது. ஆகா, வந்துவிட்டோம்! ஜெர்ஸி பட்டறை இதுதான்.

வந்த நாளும் நல்ல நாள். 2025 நவம்பர் 18. இரவு ஏழரைக்கு டாக்காவில் இந்தியாவும் வங்கதேசமும் ஆசியக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச் சுற்றில் மோதுகின்றன. அதே இரவு பத்து மணிக்குள் இங்கே பதினான்கு நீல ஜெர்ஸிகள் தயாராக வேண்டும். பக்கத்துத் தெரு செவன்ஸ் அணிப் பையன்கள் அட்வான்ஸ் கொடுக்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்களாம்: “அண்ணா, மெஸ்ஸி கலர் வேணாம், ரொனால்டோ கலர் வேணாம். இந்தியா டீம் ப்ளூ போடுங்க.”

முதலில் கம்ப்யூட்டர் மேசைக்குப் போவோம். டிசைனர் தம்பியின் கீபோர்டு, நூல் கண்டுகளுக்கும் காலி டீ கப்புகளுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. கைபேசியில் வாட்ஸ்அப் பட்டியல். பதினான்கு பேரில் நான்கு பேருக்கு 11-ஆம் எண் வேண்டும், ஏனென்றால் அது சுனில் சேத்ரியின் எண். தம்பி பொறுமையாகப் பஞ்சாயத்து செய்கிறார். ஒருவருக்கு 11, ஒருவருக்கு 111, ஒருவருக்கு 1-ஐயும் 1-ஐயும் கூட்டி 2. நான்காவது ஆள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குள் கோல்கீப்பரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்: பெயருக்குப் பின்னால் பி.இ. என்று போட வேண்டுமாம். “முதுகு பத்தாதுடா!” என்று அக்கா மெஷினில் இருந்தபடியே குரல் கொடுக்கிறார்.

பிரிண்டர் பக்கம் நகருங்கள். பெயர்கள் எல்லாம் இடம் வலம் மாறிக் காகிதத்தில் இறங்குகின்றன. நிறத்தைப் பார்த்தால் மனசு சோர்ந்துவிடும். மங்கலான, பழைய காலண்டர் தாள் போன்ற ஒரு நீலம். “இதுவா இந்தியா ப்ளூ?” என்று கேட்டதும் பட்டறை அண்ணன் சிரிக்கிறார். “சூடு பட்டாதான் சார் கலர் வரும்.”

அந்தச் சூடு மூலையில் இருக்கிறது. ஹீட் பிரஸ். கழுத்தில் ஈரத் துண்டோடு ஒரு இளைஞர் அதை ஆள்கிறார். வெட்டிய துணியை விரிக்கிறார், மேலே காகிதத்தை வைக்கிறார், தட்டை இறக்குகிறார். 200 டிகிரியை ஒட்டிய வெப்பம். மெஷின் கீச்சென்று கத்தியதும் தட்டு எழுகிறது, ஆவி பறக்கிறது. காகிதத்தை உரித்தால், அம்மம்மா, அந்த நீலம்! காகிதத்தில் இருந்த நிறமெல்லாம் பாலியஸ்டர் இழைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. எத்தனை முறை துவைத்தாலும் உரிந்து வராது. நான் கை தட்டிவிட்டேன். அவர் வெட்கப்பட்டு அடுத்த துணியை எடுத்தார்.

அவருக்குப் பின்னால் சுவரைப் பாருங்கள். வேலை முடிந்த வெற்றுக் காகிதம் ஒன்றின் பின்பக்கத்தில், துணியில் குறி போடும் சாக்பீஸால் தகுதிச் சுற்றில் இந்தியாவின் முழுக் கணக்கையும் எழுதி ஒட்டியிருக்கிறார். மார்ச் 25, ஷில்லாங், வங்கதேசத்துடன் 0-0. ஜூன் 10, ஹாங்காங்கில் 0-1. அதுவும் கூடுதல் நேரத்தில் கிடைத்த பெனால்டியில், ஸ்டெஃபான் பெரெய்ரா அடித்த கோல். அக்டோபர் 9, சிங்கப்பூரில் 1-1. சந்தேஷ் ஜிங்கான் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகு பத்து பேரோடு ஆடி, 90-ஆவது நிமிடத்தில் ரஹீம் அலி சமன் செய்தார். அந்த வரியைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம்.

அதற்கு அடுத்த வரியை எழுதும்போது சாக்பீஸ் உடைந்துவிட்டதாம். அக்டோபர் 14, கோவாவின் மட்காவ். லாலியன்ஸுவாலா சாங்தே 14-ஆவது நிமிடத்திலேயே கோல் போட்டும், சிங்கப்பூரின் சாங் யுய் யங் இடைவேளைக்கு முன் ஒன்று, பின் ஒன்று அடித்து 1-2 ஆக்கிவிட்டார். 2027 ஆசியக் கோப்பைக் கனவு அன்றே முடிந்தது. 2019, 2023 என்று அடுத்தடுத்து இரண்டு தொடர்களுக்குத் தகுதி பெற்ற அணி இது.

“அப்போ இன்னைக்கு எதுக்குப்பா இந்த ஆர்ப்பாட்டம்?” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இந்தியா ஆடுதுல்ல சார்?”

மணி ஏழரை. ஒரு கைபேசியை நூல் கூம்பில் சாய்த்து வைத்தாயிற்று. ஓவர்லாக் மெஷின் ஓடினால் வர்ணனை கேட்காது, நிறுத்தினால் சட்டை முடியாது. ஓர் உடன்பாடு வருகிறது: பந்து நடுக்களத்தில் இருக்கும்வரை தையல் ஓடலாம், கோல் பக்கம் போனால் நிறுத்த வேண்டும். அக்கா அதன்படியே காலை எடுத்து எடுத்து வைக்கிறார். மெஷின் ஓசையை வைத்தே பந்து எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம்!

பன்னிரண்டு நிமிடம்கூட முழுதாக ஓடவில்லை. மெஷின் சட்டென்று நின்றது. ராகிப் ஹொசைன் தந்த பந்தை ஷேக் மோர்சலின் உள்ளே தள்ளிவிட்டார். வங்கதேசம் 1, இந்தியா 0. “அய்யோ, காலர் கோணிடுச்சு!” என்று அக்கா அலறினார். கோலுக்காகவா காலருக்காகவா என்று யாரும் கேட்கவில்லை. தையலைப் பிரித்தார், மறுபடி தைத்தார். சற்று நேரம் கழித்து இன்னொரு அலறல். கோல்கீப்பர் இடத்தில் இல்லை, சாங்தே அடித்த பந்து காலி கோலை நோக்கிப் போகிறது, எங்கிருந்தோ ஹம்சா சவுத்ரி வந்து தலையால் முட்டி வெளியே அனுப்பிவிட்டார். இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி ஆட்டக்காரர். மார்ச்சில் ஷில்லாங்கில்தான் வங்கதேசத்துக்கு முதன்முதலாக ஆடினார். “அந்தத் தலை நம்மகிட்ட இருந்திருக்கணும்,” என்றார் அண்ணன்.

இடைவேளைக்கு டீயும் வாழைக்காய் பஜ்ஜியும். எண்ணெய்க் கையோடு துணியைத் தொடக்கூடாது என்பது சட்டம், அதனால் எல்லோரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். ஏன் இப்படி ஆனது என்று ஆளுக்கொரு காரணம். பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ் ஜூலையில் விலகினார், ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார். உரிம ஒப்பந்தச் சிக்கலில் ஐ.எஸ்.எல். லீக் அப்போது தொடங்காமலே நின்றது, கிளப் ஆட்டம் இல்லாமல் வீரர்களின் கால் எப்படிச் சூடாகும் என்பது டிசைனர் தம்பியின் வாதம். ஓய்வு பெற்றிருந்த சேத்ரியை நாற்பது வயதில் திரும்பக் கூப்பிட வேண்டிய அளவுக்குக் கோல் அடிக்க ஆளில்லையே என்று அண்ணன் வருத்தப்பட்டார். ஹீட் பிரஸ் இளைஞர் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. செப்டம்பரில் தஜிகிஸ்தானில் நடந்த மத்திய ஆசியக் கோப்பையில், உதாந்தா சிங் சமன் செய்து, கோல்கீப்பர் குர்பிரீத் கடைசிப் பெனால்டியைத் தடுத்து, ஓமனை வென்று மூன்றாம் இடம் வாங்கினோமே, அது யார் டீம் என்று கேட்டார். ஒருவரும் பதில் பேசவில்லை.

அக்கா பஜ்ஜியை முடித்துவிட்டு ஒரே போடு போட்டார். “பொண்ணுங்க டீம் ஜூலைல தாய்லாந்துல போயி தாய்லாந்தையே ஜெயிச்சிச்சே, அதை எவனாச்சும் சுவத்துல எழுதினீங்களா?” உண்மை! சியாங் மாயில் 2-1, இரண்டும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்த கோல்கள். பெண்கள் அணி அதோடு 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இளைஞர் எழுந்துபோய் அப்போதே அதையும் எழுதினார். அக்காவின் மகளும் பள்ளியில் பந்து ஆடுகிறாளாம். மிச்சத் துணியில் அவளுக்கொரு நீல ஜெர்ஸி, அண்ணன் கணக்கில் இலவசம்.

இரண்டாம் பாதியில் மெஷின் அடிக்கடி நின்றது. இந்தியா முட்டி மோதியது, பந்து மட்டும் உள்ளே போகவில்லை. ஆட்டம் 0-1 என்று முடிந்தபோது, 2003-க்குப் பிறகு முதல்முறையாக வங்கதேசம் நம்மை வென்றிருந்தது. ஐந்து ஆட்டம், ஒரு வெற்றிகூட இல்லை. சாக்பீஸ் அந்த வரியையும் எழுதியது. கீழே ஒரு வரி காலியாக விட்டிருந்தார். 2026 மார்ச்சில் ஹாங்காங்குடன் ஓர் ஆட்டம் பாக்கி இருந்ததே!

தொலைக்காட்சியில் தெரிவது தொண்ணூறு நிமிடமும் ஸ்கோரும்தான். தோற்ற அணியின் நிறத்தைக் கேட்டு வாங்குகிற பையன்களையும், அதைப் பிரித்துப் பிரித்துத் தைக்கிற கைகளையும் இந்த மாடியில்தான் பார்த்தேன். இந்தியக் கால்பந்து பிழைத்துக்கொள்ளும் என்று முழு மனதோடு சொல்கிறேன், இவர்களை நம்பிச் சொல்கிறேன்.

பத்து மணிக்கு இரும்புப் படி அதிர்ந்தது. செவன்ஸ் அணி மொத்தமும் வந்துவிட்டது. சட்டை மேலேயே ஜெர்ஸியை மாட்டிக்கொண்டு ஒருவர் முதுகை இன்னொருவர் படம் பிடிக்கிறார்கள். கோல்கீப்பருக்குப் பி.இ. கிடைத்துவிட்டது, எழுத்து மட்டும் கொஞ்சம் பொடி. 11-ஆம் எண் யாருக்கு என்ற சண்டை படியிலேயே மறுபடி மூண்டது. “சண்டையைத் தெருவுல போயி போடுங்கடா, முதல்ல பேலன்ஸ் காசு!” என்று கத்தினார் அண்ணன். காசை எண்ணி வைத்துவிட்டு, நீல முதுகுகள் பதினான்கும் கூச்சலோடு சந்தில் இறங்கின.