அசையாப் பொருளும் அசையும் தகடும்

காமிரா வாங்கச் செல்பவர் கடைக்காரரிடம் கேட்கும் முதற் கேள்வி இன்று, "எத்தனை மெகாபிக்சல்?" என்பதே. ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளிகள். புள்ளிகள் மிகுந்தால் படம் தெளிவுறும் என்பது பொதுவாக உண்மைதான். ஆயினும் அந்த எண்ணுக்குள் ஒரு சிறு மறைப்பு இருக்கிறது. ஆறு கோடிப் புள்ளிகள் கொண்டது என்று விளம்பரம் பெறும் காமிரா, அந்த ஆறு கோடி இடங்களிலும் மூன்று வண்ணங்களையும் பார்ப்பதில்லை. ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு வண்ணத்தைப் பார்த்துவிட்டு, மற்ற இரண்டையும் ஊகித்து எழுதிக்கொள்கிறது. அந்த ஊகத்தை நீக்குவதற்குக் கண்டறியப்பட்ட வழியே "பிக்சல் ஷிப்ட்" என்னும் முறை.

பிக்சல் என்பது ஆங்கிலத்தில் "பிக்சர்", "எலிமென்ட்" என்னும் இரு சொற்களை வெட்டி ஒட்டிய சொல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் இதனைப் "படப்புள்ளி" என்பேன். "ஷிப்ட்" என்பதை "இடப்பெயர்ச்சி" என்று எழுதலாம். ஊரைவிட்டு ஆயிரம் மைல் பெயர்ந்து வந்து வாழும் நமக்கு அச்சொல் புதிதன்று. இங்கே பெயரும் தூரமோ ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் நான்கு பங்குகூட இல்லை.

இது நமக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் பலர் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோதான் ஊருக்குச் செல்கின்றனர். அங்கே பழைய வீட்டின் மரப்பெட்டியில் ஓர் ஓலைச்சுவடிக் கட்டு, பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரம், கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட தஞ்சாவூர்ப் படம் என்று ஏதேனும் ஒன்று இருக்கும். பொருள் ஒன்று, உரியவர் நால்வர், நால்வரும் நான்கு மாநிலங்களில். வீடு கைமாறப் போகிறது என்னும் நிலையில், கையில் இருக்கும் ஒரு பகற்பொழுதுக்குள் எடுக்கும் படமே மற்ற மூவருக்கும் அவர்தம் மக்களுக்கும் எஞ்சுவதாகிவிடுகிறது. அத்தகைய படத்தில் ஊகம் கலப்பது நல்லதன்று.

முதலில் ஊகம் எவ்வாறு நேர்கிறது என்பதைக் காண்போம். காமிராவினுள் பழைய பிலிம் இருந்த இடத்தில் இப்போது "சென்சார்" என்னும் ஒளியுணர் தகடு இருக்கிறது. இத்தகடு ஒளியின் அளவை அறியுமேயன்றி அதன் நிறத்தை அறியாது. ஆகவே தகட்டின் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நிறவடிகட்டி வைக்கப்படுகிறது. அமெரிக்காவில் கோடக் நிறுவனத்தில் பணிபுரிந்த பிரைஸ் பேயர் என்பவர் 1976-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. வாசலில் இடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாகப் புள்ளிகள், ஒரு வரிசையில் பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு, அடுத்த வரிசையில் நீலம், பச்சை, நீலம், பச்சை. நான்கு புள்ளிகளை ஒரு கட்டமாகக் கொண்டால் அதில் பச்சை இரண்டு, சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. பச்சைக்கு இரட்டைப் பங்கு அளித்ததற்குக் காரணம், நுண்ணிய வேறுபாடுகளைக் காண்பதில் மனிதக் கண் பச்சையையே பெரிதும் சார்ந்திருப்பதாகும்.

சிவப்பு வடிகட்டியின் கீழுள்ள புள்ளிக்குப் பச்சையும் நீலமும் தெரியா. அண்டைப் புள்ளிகள் கண்டதைக் கேட்டு, "இங்கும் ஏறத்தாழ அவ்வாறே இருக்கும்" என்று கணக்கிடுகிறது காமிரா. நீல வானத்துக்கும் வெள்ளைச் சுவருக்கும் இது போதும். நெருங்கிய இழைகளையுடைய பட்டுத்துணியிலோ, மயிரிழை போன்ற எழுத்துகளிலோ இக்கணக்கு தடுமாறும். துணியில் இல்லாத வண்ணப் பட்டைகள் படத்தில் தோன்றுவதும், எழுத்தின் விளிம்பில் சிவப்பும் நீலமும் கசிவதும் இதனாலேயே.

பிக்சல் ஷிப்ட் முறையில் காமிரா ஒரு படம் எடுத்தபின் தகட்டைச் சரியாக ஒரு புள்ளியளவு பக்கவாட்டில் நகர்த்தி, இரண்டாவது படம் எடுக்கிறது. பின் ஒரு புள்ளி கீழே. பின் ஒரு புள்ளி மறுபக்கம். லென்ஸ் விழுத்தும் பிம்பம் அசையவில்லை; வடிகட்டிகள் மட்டும் அதன் கீழே நகர்கின்றன. ஆகவே பிம்பத்தின் ஒவ்வோர் இடமும் சிவப்பு வழியாக ஒரு முறை, நீலத்தின் வழியாக ஒரு முறை, பச்சையின் வழியாக இரு முறை பார்க்கப்பட்டுவிடுகிறது. நான்கையும் அடுக்கினால் ஊகத்துக்கு இடமே இல்லை. புள்ளிகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. ஒவ்வொரு புள்ளியும் மெய்யாகிறது. என் கருத்தில் இம்முறையின் பெரும் பயன் இதுவே. விளம்பரங்கள் இதனைச் சொல்வதைவிட அடுத்த படியைச் சொல்வதையே விரும்புகின்றன.

அந்த அடுத்த படி, தகட்டை அரைப் புள்ளியளவும் நகர்த்துவது. இரு புள்ளிகளுக்கு நடுவிலும் ஒரு பார்வை கிடைக்க, இவ்வாறு 16 படங்கள் எடுத்து இணைக்கப்படுகின்றன. 2019-ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் வெளியிட்ட ஒரு காமிராவில் 6 கோடிக்குச் சற்று மேற்பட்ட புள்ளிகள் உண்டு. 16 படங்களை இணைத்தால் 24 கோடிப் புள்ளிகள் கொண்ட ஒரே படம் கிடைக்கும். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் ஓலையைப் படத்தின் அகலம் நிறையுமாறு எடுத்தால், ஒற்றைப் படத்தில் ஓலையின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறத்தாழ 24 புள்ளிகள் கிடைக்கும். இணைத்த படத்தில் 47.

இவ்வளவு நுண்ணிய நகர்த்தல் எங்கிருந்து வந்தது? கை நடுக்கத்தை ஈடுகட்டத் தகட்டையே அசைக்கும் ஏற்பாட்டை மினோல்ட்டா நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் காமிராவில் புகுத்தியது. நடுக்கத்தைத் தணிக்க வந்த அதே பொறி, பின்னர் வேண்டுமென்றே தகட்டை நகர்த்தவும் பயன்பட்டது. ஸ்டுடியோக்களுக்கான பெருங்காமிராக்களில் இம்முறை முன்பே உண்டு. சுவீடன் நாட்டு ஹாசல்பிளாட் நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் 5 கோடிப் புள்ளித் தகட்டைக் கொண்டு 20 கோடிப் புள்ளிப் படம் எடுக்கும் காமிராவை வெளியிட்டது. 2015-ஆம் ஆண்டில் ஒலிம்பஸ், பென்டாக்ஸ் ஆகிய ஜப்பானிய நிறுவனங்கள் இதனைத் தோளில் தொங்கும் காமிராவுக்குக் கொண்டுவந்தன.

எனினும் புள்ளி நான்கு மடங்கானால் தெளிவும் அவ்வளவு பெருகிவிடும் என்று எண்ணுதல் கூடாது. அரைப் புள்ளி நகர்ந்த தகடு, முன்பு பார்த்த பரப்பில் ஒரு பகுதியை மீண்டும் பார்க்கிறது. பார்வைகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. மேலும் லென்ஸ் தராத நுட்பத்தைத் தகடு கண்டுபிடிக்க இயலாது. லென்ஸின் துவாரத்தை மிகச் சுருக்கினால் ஒளி சிதறி விரிகிறது. எஃப்-16 அளவில் ஓர் ஒளிப்புள்ளி தகட்டின்மேல் ஏறத்தாழ 21 மைக்ரான் அகலமுள்ள வட்டமாகப் பரவும். தகட்டின் ஒரு புள்ளியோ 4 மைக்ரானுக்கும் குறைவு. அந்த நிலையில் 16 படம் எடுப்பது வீண் உழைப்பு. எஃப்-5.6 அல்லது எஃப்-8 ஏற்றது.

எல்லாவற்றினும் பெரிய நிபந்தனை அசையாமை. முதற் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே பொருள் இம்மியளவு நகர்ந்தாலும் அவ்விடத்தில் கட்டம் கட்டமாகக் கறை படியும். தேர்த்திருவிழாவுக்கும், காற்றில் ஆடும் தென்னைக்கும், பேரனை மடியில் வைத்திருக்கும் பாட்டிக்கும் இம்முறை ஆகாது. அவர்களைச் சாதாரண முறையிலேயே எடுக்கலாம், அதில் குறையொன்றும் இல்லை.

ஓலைக்கும் பத்திரத்துக்கும் வருவோம். இத்தகைய காமிரா விலை மிக்கது. ஒரு நாள் வேலைக்கு அதை வாங்க வேண்டியதில்லை. பெருநகரங்களில் வாடகைக்குக் கிடைக்கும். கனமான முக்காலி இன்றியமையாதது. மச்சு வீட்டின் மரத்தளத்தைவிடக் கீழ்த்தளத்துச் சிமெண்டுத் தரை நல்லது. ஒருவர் நடந்தாலே மரத்தளம் அதிரும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். பொத்தானைக் கையால் அழுத்தாமல் இரண்டு விநாடி தாமதத்தில் இயங்கச் செய்யலாம். சன்னல் வெளிச்சம் அழகியதுதான். ஆனால் 16 படங்களுக்கு இடையில் ஒரு மேகம் கடந்தால் போதும், படங்கள் ஒன்றோடொன்று பொருந்தா. மலிவான எல்.இ.டி. விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பவை. அவற்றையும் தவிர்க்க வேண்டும்.

காமிரா பொருளுக்கு நேராக இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய உபாயம் உண்டு. சிறு கண்ணாடி ஒன்றைப் பொருள் வைக்கப்போகும் மேசைமீது படுக்கவைத்து, காமிரா வழியே நோக்குங்கள். லென்ஸின் பிம்பம் படத்தின் நட்டநடுவில் தெரிந்தால் காமிரா நேராக இருக்கிறது. எழுத்தாணியால் கீறிய ஓலையில் மை மங்கியிருந்தால், விளக்கை ஒரு பக்கமாகத் தாழ வைத்து எடுத்த படம் ஒன்றும் தேவை. கீறலின் நிழலே எழுத்தைக் காட்டும். தஞ்சாவூர்ப் படத்தின் தங்க ரேக்குக்கு இரு பக்கமும் சாய்வாக விளக்கு வைக்க வேண்டும். சட்டத்தைக் கழற்ற முயல வேண்டாம். வண்ணம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் கழற்றும்போது உரிந்துவிடும்.

பெரும் ஓவியங்களுக்கு வேறொரு வழியும் உண்டு: பகுதி பகுதியாக எடுத்து ஒட்டுவது. ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகம் ரெம்பிராண்ட் 1642-ஆம் ஆண்டில் தீட்டிய "இரவுக் காவல்" ஓவியத்தை 8,439 படங்களாக எடுத்து இணைத்து, 71,700 கோடிப் புள்ளிகள் கொண்ட ஒரே படமாக 2022-ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஓவியத்தின் பரப்பில் புள்ளிக்குப் புள்ளி தூரம் 5 மைக்ரான். நம் இரத்தத்தின் சிவப்பணுவைவிடக் குறைவு. வண்ணம் எங்கே வெடிக்கிறது, ஆண்டுதோறும் எவ்வளவு மாறுகிறது என்று செப்பனிடுவோர் ஒப்பிட்டறிய இது உதவுகிறது. நம் வீட்டுச் சுவடிக்கு இவ்வளவு வேண்டியதில்லை. நீண்ட ஓலையை இரண்டு மூன்று பகுதிகளாக, ஒன்றன் ஓரம் மற்றொன்றில் வருமாறு எடுப்பது நாமும் செய்யக்கூடியதே.

கைபேசி மட்டுமே உள்ளவர் மனம் தளர வேண்டாம். 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த கூகிள் நிறுவனத்தின் கைபேசி ஒன்று, பெரிதாக்கி எடுக்கும்போது இக்கருத்தையே தலைகீழாக்கிப் பயன்படுத்தியது. கை நடுக்கத்தால் பிம்பம் தானாகவே சிறிது சிறிது இடம் மாறுகிறதல்லவா? அடுத்தடுத்து எடுத்த பல படங்களில் அம்மாற்றத்தைக் கணித்து, நிறவடிகட்டியின் குறையை அதுகொண்டே நிரப்பியது. முக்காலியின் துல்லியம் இதில் இராது என்றாலும் பத்திரத்தின் எழுத்தும் முத்திரையும் படிக்கக் கிடைக்கும்.

படம் எடுத்தானதும் பெட்டியைக் கட்டிவிடாதீர்கள். சில காமிராக்கள் படங்களைத் தாமே இணைத்துக்கொள்ளும். சோனி போன்றவற்றுக்குக் கணினி வேண்டும். பொருளை இருந்த இடத்திலேயே விட்டு, இணைத்த படத்தை முழு அளவில் விரித்து மூலை மூலையாகப் பார்த்த பிறகே அடுத்த ஓலையை எடுங்கள். கறை தெரிந்தால் 16 படத்தை விட்டு 4 படத்துக்கு வந்துவிடலாம். வெளிச்சமும் தரையும் ஒத்துழைக்காத இடங்களில் அதுவே நிறைவான பலன் தரும். சுருக்காத கோப்புகளாயின் 16-க்கும் சேர்த்து ஏறத்தாழ 2 கிகாபைட் இடம் பிடிக்கும். இணைத்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலக் கோப்புகளை அழித்துவிட வேண்டாம். இணைக்கும் கணக்கு முறைகள் மேலும் திருந்தக்கூடும். ஒரு பிரதி உங்களிடமும், ஒன்று வேறு ஊரிலுள்ள உடன்பிறந்தவரிடமும் இருக்கட்டும். எந்தப் படம் எந்த ஓலை என்ற குறிப்பையும், எடுத்த தேதியையும் சேர்த்தே அனுப்புங்கள்.