கால் தரையில படக்கூடாது: மேகி ஸ்டெஃபன்ஸ் கதை

இந்த எபிசோடில் ஒரே ஒரு வீராங்கனையைப் பற்றித்தான் பேசப் போறோம். பேரு மேகி ஸ்டெஃபன்ஸ். அமெரிக்கப் பெண்கள் வாட்டர் போலோ அணியின் கேப்டனா இருந்தவங்க. 3 ஒலிம்பிக் தங்கம், 5 உலக சாம்பியன்ஷிப் தங்கம். டோக்கியோ ஒலிம்பிக் முடிஞ்சப்போ, ஒலிம்பிக் பெண்கள் வாட்டர் போலோவில் அவங்களைவிட அதிக கோல் போட்டவங்க யாருமே இல்லை. இவ்வளவு இருந்தும், "யாருங்க இவங்க?"ன்னுதானே நம்மில் பலருக்குத் தோணுது? அந்தக் கேள்வி முக்கியம், அதுக்குக் கடைசியில வருவோம்.

முதல்ல ஆட்டத்தைப் புரிஞ்சுக்கலாம். ஒரு அணிக்கு கோல்கீப்பரோட சேர்த்து 7 பேர். 8 நிமிஷம் வீதம் 4 பகுதிகள். கோல்கீப்பர் தவிர மத்தவங்க பந்தை ஒரு கையாலதான் பிடிக்கணும். காலைத் தரையில ஊன்றவே கூடாது. அப்போ எப்படி நிற்கிறாங்க? தயிர் கடையிற மத்து மாதிரி, ரெண்டு காலையும் எதிரெதிர் திசையில் மாறி மாறிச் சுழற்றிக்கிட்டே இருக்கணும். அந்தச் சுழற்சியிலதான் உடம்பு மேலே எழும்பும், எழும்பினாதான் பந்தை வேகமா எறிய முடியும். கால் சுழற்சி நின்னா ஆளு கீழ போயிடுவார்.

இதுல இன்னொரு சங்கதி, தண்ணீருக்கு மேல நடக்கிறதைத்தான் ரெஃப்ரியால சரியா பார்க்க முடியும். கீழே உடையைப் பிடிச்சு இழுக்கிறது, உதைக்கிறது எல்லாம் சத்தமில்லாம நடக்கும். பெரிய தப்பு செஞ்சு மாட்டினா, இவங்க ஆடின காலத்து விதிப்படி 20 நொடி வெளியே இருக்கணும். அந்த 20 நொடியும் எதிரணிக்கு ஒரு ஆள் கூடுதல். கபடியில ஆள் குறைஞ்ச அணியோட தவிப்பு எப்படியோ, அப்படி.

மேகி பிறந்தது 1993-ல், கலிபோர்னியாவில். அப்பா கார்லோஸ், புவெர்ட்டோ ரிக்கோவுக்காக வாட்டர் போலோ ஆடியவர். அக்கா ஜெசிகா 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் அணியில் இருந்தாங்க. அந்த ஃபைனலில் அமெரிக்கா நெதர்லாந்திடம் 9-8 என்று தோற்றது. இந்த நெதர்லாந்தை ஞாபகத்துல வச்சுக்கோங்க.

2012 லண்டன். மேகிக்கு 19 வயசு, முதல் ஒலிம்பிக், அதே அணியில் அக்காவும் இருக்காங்க. ஹங்கேரியுடனான முதல் மேட்ச்சிலேயே 7 கோல். அமெரிக்கா 14-13 என்று ஜெயிச்சது. அதாவது, தன் அணி போட்டதில் சரிபாதி இந்தப் பொண்ணோடது!

ஆனா அந்தத் தங்கம் கிட்டத்தட்ட கை நழுவிப் போச்சு. ஆஸ்திரேலியாவுடனான அரையிறுதியில் ஒரு நொடிதான் பாக்கி, அமெரிக்கா ஒரு கோல் முன்னிலை. அந்த நேரத்தில் கோச் ஆடம் கிரிகோரியன் டைம்-அவுட் கேட்டார். பந்து தன் அணியிடம் இல்லாதப்போ டைம்-அவுட் கேட்டா, எதிரணிக்கு பெனால்ட்டி! ஆஸ்திரேலியா அடிச்சு 9-9 ஆக்கிடுச்சு. நம்ம ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிஞ்சதுன்னு கிளம்புற நேரத்துல, டீம் லீடே ப்ரொடக்‌ஷனைக் கவிழ்த்த மாதிரி நினைச்சுக்கோங்க. அந்த அணி அங்கே பழி போட்டுக்கிட்டு உட்காரலை. கூடுதல் நேரத்தில் 2 கோல் போட்டு 11-9 என்று ஜெயிச்சாங்க.

ஃபைனல் ஸ்பெயினோட. குரூப் சுற்றில் இதே ஸ்பெயினுடன் 9-9 என்று டிரா ஆகியிருந்தது. ஃபைனலில் மேகி அடிச்சது 5 ஷாட், 5-உம் கோல். 8-5. அமெரிக்கப் பெண்கள் வாட்டர் போலோவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அந்த ஒலிம்பிக்கில் மேகியோட கணக்கு மொத்தம் 21.

அதுக்கப்புறம் எல்லா அணிகளும் அவங்க மேல கண் வச்சாங்க. அவங்களை மறிக்கவே தனியா திட்டம் போட்டாங்க. அப்படியும் 2016 ரியோவில் இத்தாலியை 12-5 என்று வீழ்த்தி ரெண்டாவது தங்கம். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானுடனான முதல் மேட்ச்சிலேயே முழங்கை பட்டு மூக்கு உடைஞ்சது. ஆனாலும் தொடர்ந்து ஆடினாங்க. குரூப் சுற்றில் ஹங்கேரியிடம் 10-9 என்று தோற்றாங்க. 2008 ஃபைனலுக்குப் பிறகு ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கு அதுதான் முதல் தோல்வி. அங்கிருந்து எழுந்து, ஃபைனலில் ஸ்பெயினை 14-5 என்று ஜெயிச்சாங்க. இத்தாலியின் தானியா டி மாரியோ வச்சிருந்த 47 கோல் சாதனையைத் தாண்டி, டோக்கியோ முடிவில் மேகியோட ஒலிம்பிக் கணக்கு 56.

இப்போ நம்ம முதல் கேள்விக்கு வருவோம். ஏன் நமக்கு இவங்களைத் தெரியலை? பெண்கள் வாட்டர் போலோ ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 2000-ல்தான். ஆண்களோட ஆட்டம் 1900-லேயே வந்துடுச்சு. ஒரு நூறு வருஷ இடைவெளி! 4 வருஷத்துக்கு ஒருமுறை 2 வாரம் டிவியில் வரும், அப்புறம் காணாமப் போயிடும். பார்வையாளர் இல்லைன்னா ஸ்பான்சர் இல்லை, ஸ்பான்சர் இல்லைன்னா சம்பளம் இல்லை.

2024 மே மாசம் மேகி இதை இன்ஸ்டாகிராமில் வெளிப்படையா எழுதினாங்க: பல ஒலிம்பிக் வீரர்கள் பிழைக்க இன்னொரு வேலை, சிலர் ரெண்டு வேலைகூடப் பார்க்கிறாங்க என்று. 3 தங்கம் வாங்கின கேப்டன் ஆதரவு கேட்டு எழுத வேண்டிய நிலைமை! அதைப் பார்த்த ராப் பாடகர் ஃபிளேவர் ஃபிளேவ் அதே பதிவின் கீழே வந்து, நான் ஸ்பான்சர் பண்றேன்னு சொன்னார். சொன்னதோட நிற்காம 5 வருஷ ஒப்பந்தமும் போட்டார், பாரிஸுக்கு நேர்ல வந்து கைதட்டினார்.

மேகியும் விளையாட்டை மட்டும் நம்பி இருக்கலை. வாட்டர் போலோ வீரர் டோனி அசெவெடோவோட சேர்ந்து 6-8 ஸ்போர்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினாங்க. ஆட்டக்காரர்களின் திறமையை அளந்து டேட்டாவா மாத்துறதுதான் அங்கே வேலை. கோடு எழுதுற கூட்டத்துக்கு இது பிடிக்கும்னு நினைக்கிறேன்.

2024 பாரிஸ். அரையிறுதியில் ஆஸ்திரேலியாவோட 8-8, பெனால்ட்டி ஷூட்-அவுட்டில் தோல்வி. வெண்கலத்துக்கான மேட்ச்சில் எதிரே யாரு தெரியுமா? நெதர்லாந்து! கடைசி நொடிகளில் விழுந்த கோலில் 11-10. அக்காவை அழ வச்ச அதே நாடு, 16 வருஷம் கழிச்சு தங்கச்சியையும். 2000-லிருந்து ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கின அமெரிக்கா முதல்முறையா வெறுங்கையோட திரும்பியது.

நாலாவது இடத்துக்குப் பதக்கம் கிடையாது, ஆனா அந்த 2024-ல்தான் இந்த ஆட்டத்தைப் பற்றி உலகம் அதிகமா பேசிச்சு, அதுக்கு ஒரு காரணம் கேப்டன் எழுதின அந்த நாலு வரி. கோல் கணக்கில் அது வராது. ஆனா அடுத்து வர்ற பொண்ணுங்களுக்கு அது எந்த கோலுக்கும் குறைஞ்சதில்லை என்பது என் கருத்து.

நேரம் கிடைச்சா 2012 ஃபைனலைத் தேடிப் பாருங்க. பந்தை மட்டும் பார்க்காதீங்க, தண்ணீருக்குள்ள கேமரா போறப்போ காலைப் பாருங்க. பார்த்துட்டு என்ன தோணுச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.