கடலின் வெப்பக் கணக்கு

வெப்பமானியைக் கடலில் முக்கினால் நீர் எவ்வளவு சூடு என்று தெரியும். அந்தச் சூடு உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்று தெரியாது. அதற்குத்தான் கருவிகள் தாங்கிய மிதவை.

வரவு பெரும்பாலும் ஒன்றே: வெயில். செலவு மூன்று வழி: ஆவியாதல், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர், காற்றைத் தொட்டு நேரடியாகக் கடத்தும் வெப்பம். இதில் ஆவியாதல்தான் பெரும் செலவாளி. நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் நீர் ஆவியானால் சதுர மீட்டருக்குச் சுமார் 28 வாட் போய்விடும்.

வெயிலை அளப்பது சுலபம் என்று தோன்றும். கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு கறுப்புத் தகடு; அது சூடேறுவதற்கு ஏற்ப மின்னழுத்தம் பிறக்கும். ஆனால் குமிழில் உப்பு படியும். கடற்பறவை உட்கார்ந்து எச்சமிட்டால் வெயில் மறைந்துவிடும். அகச்சிவப்பை அளக்கும் கருவியின் பாடு இன்னும் மோசம்: அதன் சிலிக்கான் குமிழ் வெயிலில் தானே சூடேறி, தன் கதிரையும் வானத்தின் கதிரோடு கலந்துவிடும். அதனால் குமிழின் வெப்பநிலையைத் தனியே அளந்து கழிக்கிறார்கள்.

ஆவியாதலை நேரடியாகப் பிடிக்க, ஒலி எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்பதிலிருந்து காற்றை அளக்கும் கருவி உண்டு. ஈரத்தை அளக்கும் கருவியோடு சேர்ந்து, மேலெழும் காற்று ஈரத்தைச் சுமக்கிறதா என்று நொடிக்கு இருபது முறை வரை பார்க்கும். மிதவையோ அலையில் ஏறி இறங்கும்; அந்த ஆட்டமும் காற்றாகவே பதியும். ஆட்டத்தைத் தனியே அளந்து கழித்தால்தான் மிஞ்சுவது காற்று. மாதக்கணக்கில் இதை ஓட்டுவது கடினம். ஆகவே பெரும்பாலும் காற்றின் வேகம், ஈரப்பதம், வெப்பநிலை ஆகியவற்றை அளந்து சூத்திரத்தில் போட்டுக் கணக்கிடுகிறார்கள்.

இத்தனை பாடும் சதுர மீட்டருக்கு 10 வாட் துல்லியத்துக்காக. நம் வீட்டுப் பழைய 'ஜீரோ வாட்' குண்டு பல்பே அந்த அளவு மின்சாரம் இழுக்கும். அற்பம் என்று நினைக்க வேண்டாம்: அந்த 10 வாட் ஓராண்டு முழுக்கச் சேர்ந்தால் 50 மீட்டர் ஆழ நீரை ஒன்றரை டிகிரி சூடாக்கும்.

அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் மிதவை ஒன்று 2014 டிசம்பரில் வடக்கு வங்காள விரிகுடாவில் இறக்கப்பட்டு, ஓராண்டுக்கும் மேல் இந்தக் கணக்கை எழுதியது. சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் இந்தியக் கடல்களில் மிதவைகளைப் பராமரிக்கிறது. மிதவையின் நிழலில் மீன் கூடும் என்பது கடலோடிகளுக்குத் தெரியும். ஆனால் இந்தக் கணக்கு கெடாதிருக்க, வலை வீசும்போது சற்றுத் தள்ளி வீசுங்கள். படகை அதில் கட்டாதீர்கள்.