44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடு: பொருளாதார, சமூகத் தாக்கங்கள்

44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடு 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை சென்னையை அடுத்த மாமல்லபுரத்தில் நடைபெற்ற பன்னாட்டு அணிப் போட்டியாகும். சதுரங்க ஒலிம்பியாடு இந்தியாவில் நடைபெற்றது இதுவே முதல் முறை. பொதுப்பிரிவில் 188 அணிகளும் பெண்கள் பிரிவில் 162 அணிகளும் இதில் பங்கேற்றன. ஒரு பெரிய பன்னாட்டுப் போட்டியை நடத்துவதால் ஓர் ஊருக்கும் மாநிலத்துக்கும் கிடைக்கும் பயன் என்ன, அதற்குக் கொடுக்க வேண்டிய விலை என்ன என்பதை விளக்க இப்போட்டி நல்ல எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

சென்னையின் சதுரங்க மரபு ஒலிம்பியாடுக்கு அரை நூற்றாண்டு முந்தையது. இந்தியாவின் முதல் பன்னாட்டு மாஸ்டரான மானுவல் ஆரோன் 1972-இல் சோவியத் பண்பாட்டு மையத்தில் மிகைல் தால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் உள்ள அந்த மையம் இன்று ரஷ்யப் பண்பாட்டு மையமாகச் செயல்படுகிறது. முன்னாள் உலக வாகையர் ஒருவரின் பெயரைத் தாங்கிய அந்தக் கழகத்தில் சிறுவனாக ஆடிப் பழகியவர் விசுவநாதன் ஆனந்த். அவர் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். சென்னையைச் சேர்ந்த சு. விஜயலட்சுமி இந்தியாவின் முதல் பெண் கிராண்ட்மாஸ்டர் ஆவார்.

2013 நவம்பரில் ஆனந்துக்கும் நார்வேயின் மாக்னசு கார்ல்சனுக்கும் இடையிலான உலக வாகையர் போட்டி சென்னையில் நடைபெற்றது. ஆழ்வார்பேட்டைக்கு அருகே, அண்ணா சாலையில் உள்ள ஒரு நட்சத்திர விடுதியில் அது நடந்தது. அதற்குத் தமிழ்நாடு அரசு 29 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆனந்த் தோற்றாலும், பெரிய சதுரங்கப் போட்டியை நடத்திய பட்டறிவு நகருக்குக் கிடைத்தது.

போட்டி தமிழ்நாட்டுக்கு வந்த சூழல்

இந்த ஒலிம்பியாடு முதலில் ரஷ்யாவில் நடைபெறுவதாக இருந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததை அடுத்து, பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு (பிடே) போட்டியை அங்கிருந்து விலக்கியது. மார்ச் மாதத்தில் சென்னை தெரிவு செய்யப்பட்டது. ஏற்பாடுகளுக்குக் கிடைத்த காலம் நான்கரை மாதம் மட்டுமே.

தொடக்க விழா சென்னை ஜவஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கிலும், ஆட்டங்கள் மாமல்லபுரம் அருகே ஒரு தனியார் விடுதியின் மாநாட்டு வளாகத்திலும் நடைபெற்றன. ஒவ்வொரு அணியிலும் நால்வர் ஆடுவதால், ஒரே நேரத்தில் ஏறத்தாழ 700 பலகைகளில் ஆட்டம் நடந்தது.

பொருளாதாரத் தாக்கம்

தமிழ்நாடு அரசு இப்போட்டிக்குத் தொடக்கத்தில் 92 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. இத்தகைய செலவின் பயனை மதிப்பிடப் பொருளியலாளர்கள் நான்கு கருத்துகளைப் பயன்படுத்துகின்றனர்.

1. பெருக்கி விளைவு: விடுதி, வாகனம், உணவு, அச்சு, மேடை அமைப்பு ஆகியவற்றுக்குச் செலவிடப்படும் பணம் பிறருக்கு வருமானமாகிறது. அவர்கள் அதை மீண்டும் செலவிடும்போது மொத்த வருமானம் முதலில் செலவிட்ட தொகையைவிடக் கூடுகிறது.

2. கசிவு: செலவிடப்படும் பணம் முழுவதும் உள்ளூரில் தங்குவதில்லை. பெரிய விடுதிக் குழுமங்களின் இலாபமும் வெளியூர் நிறுவனங்களுக்கான கட்டணமும் ஊரைவிட்டுச் செல்கின்றன. வீரர்கள் விடுதிக்கும் அரங்குக்கும் இடையே பேருந்தில் சென்று திரும்பினர். இடையில் ஓய்வு நாள் ஒன்றே ஒன்று. எனவே மாமல்லபுரத்தின் கற்சிற்பக் கடைகளுக்கும் சிறு உணவகங்களுக்கும் இத்தகைய போட்டியால் கிடைக்கும் வணிகம், வந்தோர் எண்ணிக்கையை வைத்து எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

3. பதிலீடு: போட்டிக்கு வருவோர் அறைகளை நிரப்பும்போது வழக்கமான சுற்றுலாப் பயணிகள் விலகிச் செல்லலாம். அப்போது நிகர வருமானம் கூடாது. ஆனால் மாமல்லபுரத்தின் முதன்மைச் சுற்றுலாப் பருவம் குளிர்காலமாகும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடந்ததால் இந்த இழப்பு குறைவு எனலாம்.

4. வாய்ப்புச் செலவு: அதே தொகையில் பள்ளி விளையாட்டுத் திடல்களோ மருத்துவமனைகளோ அமைத்திருக்கலாம். அந்தக் கைவிடப்பட்ட பயனும் கணக்கில் சேர வேண்டும்.

பிற போட்டிகளுடன் ஒப்பீடு

பெரிய போட்டிகளில் மிகுந்த பணத்தை விழுங்குவது கட்டுமானமே. 1976 மொண்ட்ரியால் ஒலிம்பிக் விளையாட்டுகளின் கடனை அடைத்து முடிக்க 30 ஆண்டுகள் ஆயின. 2010 தில்லி காமன்வெல்த் விளையாட்டுகளில் திட்டமிடல் குறைகளையும் செலவு மிகுதியையும் இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. அப்போட்டிக்காகக் குடிசைவாசிகளும் தெருவோர வணிகர்களும் அப்புறப்படுத்தப்பட்டனர். மாறாக, 1992 ஒலிம்பிக்கை நகரச் சீரமைப்புத் திட்டத்தின் பகுதியாகக் கொண்ட பார்சிலோனா நீண்டகாலப் பயன் பெற்றது.

சென்னைக்கும் இதில் முன் அனுபவம் உண்டு. 1995-இல் இங்கு நடைபெற்ற தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அமைக்கப்பட்ட வேளச்சேரி நீச்சல் வளாகம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. சதுரங்கத்துக்கு விளையாட்டரங்கம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. மேசை, நாற்காலி, குளிரூட்டிய மண்டபம், இணைய வசதி ஆகியவை போதும். எனவே போட்டி முடிந்தபின் பராமரிப்புச் சுமையும் இல்லை, இதற்காக எந்தக் குடியிருப்பையும் அகற்ற வேண்டியதும் இல்லை. இதுவே ஒலிம்பியாட்டின் பெரிய பொருளாதார அனுகூலம்.

சமூகத் தாக்கம்

போட்டிக்கு முன்பே அரசுப் பள்ளிகளில் மாணவர்களுக்குச் சதுரங்கப் போட்டிகள் நடத்தப்பட்டன. வேட்டி சட்டையுடன் கைகூப்பி வணங்கும் குதிரையான ‘தம்பி’ போட்டியின் சின்னமாயிற்று. நேப்பியர் பாலம் சதுரங்கப் பலகைபோல் கறுப்பு வெள்ளையில் வண்ணம் தீட்டப்பட்டது. சதுரங்கம் கழகங்களையும் பயிற்சி மையங்களையும் தாண்டித் தெருப்பேச்சுக்கு வந்தது.

பெண்கள் பிரிவில், போரில் சிக்கியிருந்த உக்ரைன் தங்கம் வென்றது. இந்திய முதல் அணி வெண்கலம் பெற்றது. அந்த அணியில் துரோணவல்லி ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடியது நாடெங்கும் பேசப்பட்டது. பொதுப்பிரிவில் உசுபெக்கிசுத்தான் தங்கமும், இளைஞர்கள் நிறைந்த இந்திய இரண்டாம் அணி வெண்கலமும் வென்றன. அந்த அணியின் தொ. குகேசு முதல் பலகையில் 11 ஆட்டங்களில் 9 புள்ளிகள் எடுத்துத் தனிநபர் தங்கம் பெற்றார். வெண்கலம் வென்ற இரு அணிகளுக்கும் மாநில அரசு தலா 1 கோடி ரூபாய் வழங்கியது.

நீண்டகாலப் பயன்

2024-இல் புடாபெசுட்டில் நடந்த அடுத்த ஒலிம்பியாட்டில் இந்தியா இரு பிரிவுகளிலும் தங்கம் வென்றது. அதே ஆண்டு டிசம்பரில் குகேசு 18 வயதில் உலக வாகையர் ஆனார். இவற்றை மாமல்லபுரத்தின் விளைவாகக் கருதுவது பிழையாகும். பிரக்ஞானந்தா 2018-இலும் குகேசு 2019-இலும் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றுவிட்டனர். அவர்களை உருவாக்கியவை பெற்றோரின் உழைப்பும், பள்ளிகளின் ஆதரவும், தால் கழகத்தில் தொடங்கி இன்றைய பயிற்சி மையங்கள் வரை தொடரும் மரபுமே.

எனினும் ஒரு தொடர்ச்சியைத் தெளிவாகக் காணலாம். ஒலிம்பியாடை நடத்திய அனுபவத்துக்குப் பின், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 2023 டிசம்பரில் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியைத் தொடங்கியது. அதில் குகேசு முதலிடம் பெற்றார். அங்கு ஈட்டிய புள்ளிகள் 2024 கேண்டிடேட்ஸ் போட்டிக்கு அவர் தகுதி பெற உதவின. உலகப் பட்டத்துக்கான வழி அங்கிருந்தே திறந்தது.

மதிப்பீடு

இரு வாரப் போட்டி ஒன்றால் ஓர் ஊரின் பொருளாதாரம் நிலையாக உயர்வதில்லை. விளையாட்டு மரபு ஏற்கனவே வேரூன்றிய இடத்தில், புதிய கட்டுமானச் சுமையின்றி நடத்தப்பட்டு, அதன் பின்னும் போட்டிகளும் பயிற்சியும் தொடர்ந்தால் செலவு முதலீடாக மாறுகிறது. அவ்வாறு தொடராவிடில் அது விழாச் செலவாகவே முடியும். எனவே ஒலிம்பியாட்டின் உண்மையான பயனை விடுதிகள் ஈட்டிய வருமானத்தைக் கொண்டு மட்டும் கணக்கிட இயலாது. அரசுப் பள்ளிகளில் இன்றும் எத்தனை சதுரங்கப் பலகைகள் விரிக்கப்படுகின்றன என்பதும் அக்கணக்கில் அடங்கும்.