கோழியின் வயிற்றில் பட்டு நூல்!

ஆரணி என்றால் பட்டு. அது ஊர் அறிந்தது.

ஆரணி என்றால் அரிசி. அதுவும் ஊர் அறிந்ததுதான்.

தறி ஓடும் வீட்டின் தோட்டத்தில் நாலு நாட்டுக் கோழிகள் மேயும். மீந்த சோறு, காய்கறித் தோல், முறத்தில் புடைத்த நொய், எல்லாம் கோழிக்கே. அது முட்டை இடும். புடவை அறுத்துக் கொடுத்தால்தான் நெசவாளிக்குக் கூலி. அதுவரை பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கு அந்த முட்டைக் காசுதான் கை கொடுக்கும்.

அப்படிப்பட்ட கோழி ஒரு நாள் தள்ளாடும். இறக்கை தொங்கும். மறு நாள் செத்துக் கிடக்கும்.

"யாரோ கண் வைத்து விட்டார்கள்" என்பார் ஆயா.

கண் அல்ல, ஆயா! பல சமயம் காரணம் நாம் கொட்டிய குப்பையிலேயே இருக்கிறது.

புழு என்று நினைத்து...

தறி வீட்டில் நூல் விழாமல் இருக்குமா? பாவு இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சின் மிச்சத்தைக் கிள்ளிப் போட வேண்டும். மாலையில் தறியைச் சுற்றிப் பெருக்குகிறோம். பெருக்கியதைத் தோட்டத்து மூலையில் கொட்டுகிறோம்.

கோழி பார்க்கிறது. காற்றில் நூல் நெளிகிறது. பளபளக்கிறது. புழு என்று நினைத்துக் கோழி கொத்தி விழுங்கி விடுகிறது.

கோழிக்குப் பல் கிடையாது. கடித்து அறுக்க முடியாது. விழுங்கிய நூல் கழுத்துக்குக் கீழே உள்ள தீனிப்பையில் தங்குகிறது. புல்லும் வைக்கோல் நாரும் அதில் சிக்கிக் கொள்கின்றன. எல்லாம் சேர்ந்து பந்து போல உருண்டு விடுகிறது. பிறகு தின்ற தீனி கீழே இறங்காது. வயிறு காலியாக, கழுத்து மட்டும் புடைத்து, கோழி பட்டினியால் சாகும்.

சரிகைத் துணுக்கு இன்னும் மோசம். அது உலோகக் கம்பி அல்லவா! குடலைக் கீறலாம்.

நூல் காலில் சுற்றினாலும் ஆபத்துதான். சுற்றிய நூல் இறுக இறுக, ரத்த ஓட்டம் நின்று விரல் கருகி விழுந்து விடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. காலையில், தீனி போடுவதற்கு முன்னால், கோழியின் மார்புக்கு மேலே தொட்டுப் பாருங்கள். இரவு முழுவதும் செரித்து, தீனிப்பை காலியாக இருக்க வேண்டும். அப்போதும் கல் போலக் கெட்டியாக இருந்தால் உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். வாயில் நூல் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள்! உள்ளே எங்கே சிக்கி இருக்கிறதோ, அதையும் கிழித்துக் கொண்டு வரும்.

நூல் கழிவைத் தனிப் பையில் போட்டுக் கட்டி விடுங்கள். சாயத் தண்ணீர் தேங்கும் இடத்திலும் கோழியை மேய விடாதீர்கள்.

ஜாவாவில் தள்ளாடிய கோழிகள்

அடுத்தது சோறு. சோறு நஞ்சா? இல்லை. ஆனால் சோறு மட்டுமே போட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகப் புகழ் பெற்ற ஒரு கதை உண்டு.

ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது. ஜாவாத் தீவில் பட்டேவியா என்ற நகரம் இருந்தது. இன்றைய ஜகார்த்தாதான் அது. அங்கே ராணுவ ஆஸ்பத்திரியில் எய்க்மான் என்ற டச்சு டாக்டர் வேலை பார்த்தார். பெரிபெரி என்ற நோயை ஆராய்ந்தார். அந்த நோய் வந்தால் கால் விளங்காது. கடைசியில் உயிரே போகும்.

ஆராய்ச்சிக்கு அவர் கோழி வளர்த்தார். திடீர் என்று கோழிகள் தள்ளாடின. கால் மடங்கி விழுந்தன. சில மாதம் கழித்து, எந்த மருந்தும் இல்லாமல் குணம் அடைந்தன!

டாக்டர் விசாரித்தார். குட்டு வெளிப்பட்டது. கோழிக்குத் தீனி போட்ட ஆள், சிக்கனமாக இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் மீந்த வெள்ளை அரிசிச் சோற்றையே போட்டு வந்தார். பிறகு புதுச் சமையல்காரர் வந்தார். "ராணுவத்துச் சோறு கோழிக்கா?" என்று மறுத்து விட்டார். வேறு வழி இல்லாமல் தீட்டாத அரிசியைப் போட்டார்கள். கோழி பிழைத்தது!

அரிசியைத் தீட்டும்போது போகும் தவிட்டில் உயிர்ச் சத்து இருக்கிறது என்பது பின்னால் தெரிந்தது. அதுதான் வைட்டமின் பி-1. எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பரிசுக்கு வழி காட்டியது கோழி!

நம் ஊரில் தவிட்டுக்கா பஞ்சம்? ஒரு பிடி தவிட்டைச் சோற்றில் பிசைந்து போடுங்கள். ஆனால் புதிய தவிடாக இருக்கட்டும். நாள் பட்டால் எண்ணெய் காறி விடும். புழுங்கல் அரிசியில் அந்தச் சத்து பச்சரிசியைவிட அதிகம் தங்கும். நெல்லை வேக வைக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கி விடுகிறது.

உறைக்காது, ஆனால் கொல்லும்

ஊறுகாய் எண்ணெயில் பிசைந்த சோற்றைக் கோழி ஆசையாகத் தின்னும். காரமே தெரியாது அதற்கு. மிளகாயின் காரம் பறவைகளின் நாக்கில் உறைப்பது இல்லை! ஆகையால் நிறுத்தாமல் தின்னும். கெடுப்பது மிளகாய் அல்ல, உப்பு. நம் நாக்குக்குச் சரியான உப்பு, ஒன்றரைக் கிலோ உடம்புக்கு மிக அதிகம். கருவாட்டுத் தலை, அப்பளம், ஊறுகாய் எதுவும் வேண்டாம். பக்கத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் ஆபத்து இரட்டிப்பு.

டீத்தூள், காப்பித்தூள் சக்கை வேண்டாம். பச்சை நிறம் ஏறிய உருளைக் கிழங்கின் தோலும் வேண்டாம்.

பூசணம் பிடித்த வேர்க்கடலையை மட்டும் மறந்தும் போடாதீர்கள். நம் பக்கத்தில் கடலை விளைகிறது. சொத்தைக் கடலையைப் பொறுக்கி, "கோழி தின்னட்டும்" என்று வீசுவது வழக்கம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம் தெரியாமல் திகைத்தார்கள். தீனியில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது! அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். கல்லீரலைக் கெடுக்கும். வெயிலில் காய வைத்தாலும், வேக வைத்தாலும் நஞ்சு முழுவதும் போகாது.

ஞாயிற்றுக் கிழமைக் கறிக் கழிவையும் சொல்லி விடுகிறேன். கடையில் வாங்கிய கோழியைக் கழுவிய தண்ணீர், குடல், தோல் எதையும் தோட்டத்தில் கொட்டக் கூடாது. அதன் வழியாக வெள்ளைக் கழிச்சல் நோய் வரலாம். வந்தால் ஒரு கோழியோடு நிற்காது; கூடே காலியாகி விடும். அதற்குத் தடுப்பு மருந்து உண்டு. தவறாமல் போட வேண்டும்.

பின் எதைத்தான் போடுவது?

கீரைத் தண்டு, முருங்கை இலை, முட்டைக்கோஸ் மேல் இலை, தர்ப்பூசணித் தோல், பூசணி விதை. எல்லாம் பொடியாக நறுக்கியது. முட்டை ஓட்டை வீணாக்காதீர்கள். காய வைத்து, நன்றாகப் பொடித்துப் போடுங்கள். அடுத்த முட்டையின் ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். முழு ஓடாகப் போட்டால் முட்டை இது என்று கோழிக்குத் தெரிந்து விடும். பிறகு தன் முட்டையையே கொத்தும்!

இந்தத் தின்பண்டம் எல்லாம் மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்குதான். மாலையில் போடுங்கள். அரை மணி நேரத்தில் தின்னாததை எடுத்து விடுங்கள்.

குஞ்சு வைத்திருக்கிறீர்களா? பழைய பானை ஒன்றில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். மாலையில் தோட்டத்து மண்ணில் கவிழ்த்து வையுங்கள். காலையில் நிமிர்த்திப் பார்த்தால் உள்ளே கரையான் மொய்க்கும். காசு இல்லாத கறி விருந்து! நிமிர்த்தும்போது வாசலில் பாவு விரித்திருந்தால் மட்டும், குஞ்சுகள் அந்தப் பக்கம் ஓடாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.