வட்ஸ்அப்பை விடமுடியாத ஊர்

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ32 வீதியோரம், மாந்தை மேற்குப் பிரதேசத்தில் இருக்கிறது விடத்தல்தீவு. கண்டல் காடும் சேற்றுக் கரையும் ஆழமில்லாக் கடலுமான ஊர். இந்த ஊர் சிதறிய கதை நீளமானது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது இங்கிருந்த முஸ்லிம்கள் புத்தளம் பக்கம் போனார்கள். மன்னார்க் கரையிலிருந்து தமிழர்கள் வள்ளமேறித் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனார்கள். கடற்புலிகளின் பெரிய தளமாக இருந்த இந்த ஊரை 2008 ஜூலை 16 அன்று இராணுவம் பிடித்தபோது, எஞ்சியிருந்த சனம் ஏற்கெனவே கிழக்கே நகரத் தொடங்கிவிட்டது. திரும்பி வந்தவர்கள் ஒரு பகுதி. மற்றவர்கள் புத்தளம், மண்டபம், ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று ஆங்காங்கே.

இப்படிச் சிதறிய ஊர்கள் இன்றைக்கு ஒன்றாகக் கூடுகிற முற்றம் வட்ஸ்அப் குழுதான். மரண அறிவித்தல் முதலில் அங்கேதான் வரும். திருவிழாப் படம், பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் காசு சேர்ப்பு, மழையில் ஒழுகும் கூரையின் வீடியோ எல்லாம் அங்கேதான். தனித்தனி உரையாடல்களில் போவது இன்னும் கனமானது. காணி உறுதியின் போட்டோ, அடையாள அட்டையின் இரண்டு பக்கமும், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், அம்மாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை காசு அனுப்புவதற்கு இவ்வளவும் வேண்டியிருக்கிறது.

பெருநிறுவனங்களின் சேவைகளை விட்டு வெளியேறுங்கள், உங்கள் தரவைக் காத்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை ஐரோப்பாவிலிருந்து பலமாகக் கேட்கிறது. ஜேர்மனியின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2025 ஒக்டோபரில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல் பெட்டிகளை மைக்ரோசொப்டிலிருந்து திறமூல மென்பொருளுக்கு மாற்றி முடித்தது. அங்கே அரசு முடிவெடுத்தது, ஊழியர்கள் மாறினார்கள். விடத்தல்தீவில் யார் யாருக்கு உத்தரவு போடுவது? புத்தளத்து மாமியும் கனடாவில் இருக்கும் அண்ணனும் ஒரே நாளில் மாறினால்தான் மாற்றம். ஒருவர் மட்டும் மாறினால் அவர் குழுவை விட்டுப் போனவர், அவ்வளவுதான்.

கண்காணிப்பென்றால் என்னவென்று இந்தக் கரைக்கு யாரும் பாடமெடுக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் கடலுக்குப் போகப் பாஸ் எடுத்தவர்கள் இவர்கள். குடும்ப விபரம் எழுதிக் கொடுத்து, முகாமில் வரிசையில் நின்று பதிந்தவர்கள். போர் முடிந்த பிறகும் வடக்கில் இராணுவம் வீடு வீடாகப் படத்தோடு விபரம் திரட்டியது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு நாடாளுமன்ற உறுப்பினர்கள் 2011-இல் உச்ச நீதிமன்றம் போன பிறகுதான் அந்தப் பதிவு நிறுத்தப்படுமென்று அரசு தரப்பு உறுதி கொடுத்தது. முகநூல் பதிவுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இளைஞர்கள் கைதானதும் நடந்ததுதான்.

ஆகவே இங்கே அந்தரங்கம் என்று பேசத் தொடங்கினால் முதலில் வரும் கேள்வி 'யாரிடமிருந்து?' என்பது. விளம்பரம் விற்கும் கம்பனியிடமிருந்தா, போனை வாங்கித் திறந்து பார்க்கும் சீருடையிடமிருந்தா? இரண்டும் வெவ்வேறு ஆபத்து, மருந்தும் வேறு. கூகுளை விட்டு விலகினவரின் போனையும் சோதனைச்சாவடியில் திறக்கச் சொல்லலாம். அதற்கு உதவுவது நல்ல திரைப்பூட்டும், தானாக அழியும் செய்தி வசதியும். இதைச் சொல்லாமல் வெறுமனே 'கூகுளை விடு' என்பவர்களின் பேச்சு இங்கே எடுபடாது.

வட்ஸ்அப்புக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைக் கலப்படமில்லாமல் சொல்லவேண்டும். 2016 ஏப்ரல் முதல் செய்திகள் முனைக்கு முனை குறியாக்கத்தோடு போகின்றன. நீங்கள் எழுதியதை மெட்டா நிறுவனம் வழியில் வாசிக்கமுடியாது. ஆனால் யார் யாரோடு, எப்போது, எத்தனை தரம் பேசினார் என்பது தெரியும். எந்தக் குழுவில் இருக்கிறார், தொலைபேசிப் புத்தகத்தில் யார் யார் என்பதும் தெரியும். ஓர் ஊரின் உறவு வரைபடத்தைக் கீற இது போதும். அப்போது பேஸ்புக் என்ற பெயரில் இருந்த மெட்டா 2014-இல் 19 பில்லியன் டொலருக்கு வட்ஸ்அப்பை வாங்கியது சும்மா அல்ல. 2021 ஜனவரியில் தனியுரிமைக் கொள்கையை மாற்றி, ஒப்புக்கொள் இல்லாவிட்டால் வெளியே போ என்ற தொனியில் அறிவிப்பு வந்தது. அதற்காக இந்தியாவின் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி இந்திய ரூபாய் தண்டம் விதித்தது.

அந்த 2021 ஜனவரியில் உலகமெங்கும் சனம் சிக்னலுக்குப் பாய்ந்தது. ஒரு கட்டத்தில் கூட்டம் தாங்காமல் சிக்னலே விழுந்து எழும்பியது. இலாப நோக்கில்லாத அறக்கட்டளை நடத்தும் அப் அது. வட்ஸ்அப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரையன் அக்டன் பேஸ்புக்கை விட்டு வந்து 5 கோடி டொலர் கொடுத்து உருவாக்க உதவிய அறக்கட்டளை. 2016-இல் அமெரிக்க நீதிமன்றமொன்று ஒரு பயனரின் விபரங்களைக் கேட்டபோது, கணக்குத் திறந்த நாளையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர சிக்னலிடம் கொடுக்க எதுவும் இருக்கவில்லை. இதைவிட நல்ல சான்றிதழ் வேறென்ன வேண்டும்?

இருந்தும் போனவர்களில் பலர் சில வாரங்களில் திரும்பி வந்துவிட்டார்கள். அங்கே பேச ஆளில்லை. எங்கள் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு, அதை வெளிநாட்டுக் கட்டுரைகளில் காணமுடியாது. ரீலோட் கடையில் மலிவாகக் கிடைப்பது சமூக ஊடகப் பெக்கேஜ். வட்ஸ்அப், பேஸ்புக் மாதிரிப் பெயர் குறித்த சில அப்களுக்கு மட்டும் ஓடும் டேட்டா. சிக்னல் அந்தப் பட்டியலில் பொதுவாக இருப்பதில்லை. நாட்கூலிக்குக் கடலுக்குப் போகிறவர் சிக்னலில் பேசினால் சாதாரண டேட்டா கரையும். அந்தரங்கத்துக்கு அவர் தன் சட்டைப்பையிலிருந்து தனியாகக் காசு கட்டவேண்டும் என்று பொருள். சந்தையில் வென்ற அப்புக்கே மலிவு விலையும் கொடுத்து, பிறகு 'சனம் மாறுதில்லை' என்று சனத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பார்க்கவேண்டிய விடயம் இது.

கடலின் அந்தப் பக்கமிருந்து வந்தது அரட்டை. சென்னையில் தலைமையகமும் தென்காசியில் பெரிய கிளையும் வைத்திருக்கும் சோஹோ நிறுவனத்தின் அப். 2021-லேயே வெளிவந்து யாரும் பெரிதாகக் கவனிக்காமல் கிடந்தது. 2025 செப்ரெம்பரில் இந்திய மத்திய அமைச்சர்கள் 'சுதேசி' என்று சொல்லித் தூக்கிப் பிடித்ததும் நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில் மூன்றே நாளில் 3,50,000 பேர் சேரத் தொடங்கியதாக சோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். தமிழ்ப் பெயர் வைத்த அப் இந்தியச் சந்தையில் முன்வரிசைக்கு வந்ததில் யாருக்குத்தான் பெருமை வராது? எனக்கும் வந்தது.

ஆனால் அந்த அலை அடித்த நாட்களில் அரட்டையின் எழுத்துச் செய்திகளுக்கு முனைக்கு முனை குறியாக்கம் இருக்கவில்லை, அழைப்புகளுக்கு மட்டுமே இருந்தது. அந்தரங்கத்துக்காக வட்ஸ்அப்பை விட்டவர், அந்த ஓர் அளவுகோலில் பார்த்தால், பூட்டுள்ள இடத்திலிருந்து பூட்டில்லாத இடத்துக்குப் போனார். ஆண்டு முடிவதற்குள் தனிநபர் உரையாடலுக்குக் குறியாக்கத்தைச் சேர்க்கத் தொடங்கினார்கள், நல்லது. விளம்பரத்தில் பிழைக்காத நிறுவனம் என்பதும் சோஹோவுக்குச் சாதகமான விடயம்தான். ஆனாலும் இந்திய நிறுவனத்தின் கையில் உள்ள தரவு இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசுக்குத் தாராளமாகவே விலக்குகள் வைத்திருக்கிறது. அமெரிக்கக் கம்பனியை நம்பாதவர் தமிழ்ப் பெயருக்காக மட்டும் இன்னொன்றை நம்பவேண்டியதில்லை.

சரி, வட்ஸ்அப்பை உடனே விடமுடியாது. அதற்காக எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடவேண்டுமா? மற்றவர் சம்மதம் தேவைப்படாத வேலைகள் பல இருக்கின்றன. அங்கேதான் தொடங்கவேண்டும். அதற்கு முன் ஒரு சின்னச் சிக்கல். பட்டணத்துக் கடையில் போன் வாங்கும்போது கடைப் பொடியன்தான் ஜீமெயில் கணக்கைத் திறந்து கொடுப்பான். பெயரோடு நாலு இலக்கம் சேர்த்து ஒரு முகவரி, போன் நம்பரே கடவுச்சொல். சில நேரம் போன் பெட்டியின் ஓரத்தில் பேனையால் எழுதியிருக்கும். பெட்டி எறிந்தாயிற்றென்றால் கணக்கு யாருடையதென்று சொல்வதே கஷ்டம். கூகுளை விட்டு வெளியேற விரும்புகிறவர் முதலில் கூகுளுக்குள் போகத் தெரிந்திருக்கவேண்டும். கடவுச்சொல்லை மாற்றி, மீட்பு இலக்கத்தைத் தன்னுடையதாக்குவது முதல் வேலை.

அடுத்தது இடத் தரவு. நண்டு நல்லாகப் படும் இடத்தைப் பக்கத்து வாடிக்காரருக்குச் சொல்லாதவர்கள் எங்கள் கடற்றொழிலாளர். கேட்டால் திசையை மாற்றிக் காட்டுவார்கள், அது தொழில் தர்மம். ஆனால் பொலித்தீனில் சுற்றிப் படகில் வைத்த போனில் இட வரலாறு இயக்கத்தில் இருந்தால், போன பாதை அப்படியே பதியும். கடலில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். அந்த வரலாற்றை நிறுத்திய பிறகும் கூகுள் வேறு வழியில் இடத்தைச் சேமிப்பதை அசோசியேட்டட் பிரஸ் 2018-இல் வெளிக்கொண்டுவந்தது. அந்த விவகாரத்தில் 2022 நவம்பரில் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 391.5 மில்லியன் டொலர் கட்ட கூகுள் உடன்பட்டது. பிறகு அந்த இட வரலாற்றைப் போனிலேயே வைக்கும் முறைக்கு மாறினார்கள். இருந்தாலும் அமைப்புகளில் 'இணையம் மற்றும் செயலிச் செயற்பாடு' என்பதையும் தனியாக நிறுத்தவேண்டும். வரைபடத்துக்கு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தரவில் இயங்கும் ஓர்கானிக் மேப்ஸ் இருக்கிறது. ஒருமுறை இறக்கிவிட்டால் டேட்டா இல்லாமலே ஓடும், ஆகவே சட்டைப்பைக்கும் நல்லது. உலாவிக்குத் தமிழிலேயே பயர்பொக்ஸ் உண்டு. மின்னஞ்சலுக்குச் சுவிற்சர்லாந்தின் புரோட்டன் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதையும் தெய்வமாக்கவேண்டாம். 2021-இல் சுவிஸ் சட்ட ஆணைக்குப் பணிந்து ஒரு பிரெஞ்சுச் செயற்பாட்டாளரின் ஐபி முகவரியைக் கொடுத்தது அதே புரோட்டன்தான்.

ஒரே அப்பில் ஊரை வைத்திருப்பதால் வரும் இன்னொரு ஆபத்து அந்தரங்கத்தைவிட அவசரமானது. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை நடந்தபோது பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் இலங்கை முழுக்க முடக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு மறுபடியும். 2022 ஏப்ரல் 3, பொருளாதார நெருக்கடிப் போராட்டத்தின்போது இன்னுமொரு முறை. முதல் முடக்கத்துக்குக் காரணமான வெறுப்புப் பதிவுகளில் தன் தளத்துக்கும் பங்கிருந்ததென்று பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020-இல். மன்னிப்பு வந்து என்ன பயன், குண்டு வெடித்த நாளில் தங்கள் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்க வழியில்லாமல் தவித்தவர்களுக்கு? மாற்று வழியொன்றை முன்னமே வைத்திருப்பது அதற்காகத்தான். குடும்பத்தில் நாலைந்து பேராவது சிக்னலிலும் இருந்தால் போதும். வட்ஸ்அப்பை அழிக்கவேண்டாம்.

சட்டம் காப்பாற்றுமா என்றால், இப்போதைக்கு நம்பியிருக்கமுடியாது. இலங்கையின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 மார்ச்சில் நிறைவேறியது, தெற்காசியாவில் முதலாவது என்று மெச்சிக்கொண்டோம். 2025 மார்ச் 18-இல் முழுதாக அமுலாகவேண்டியது கடைசி நேரத்தில் தள்ளிப்போடப்பட்டு, திருத்தத்துக்குப் போனது. நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ 2024-இல் விறுவிறென்று நடைமுறைக்கு வந்துவிட்டது. சனத்தின் தரவைக் காக்கும் சட்டம் ஆமை வேகத்திலும் சனத்தின் வாயைக் கவனிக்கும் சட்டம் முயல் வேகத்திலும் போகிற நாட்டில், கைரேகை, முகம், கருவிழி மூன்றையும் எடுக்கும் டிஜிற்றல் அடையாள அட்டை இந்திய நிதியுதவியோடு தயாராகிறது. அதைப் பற்றி அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் கேட்பதும் நம் வேலைதான்.

கடைசியாக வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டேட்டாச் செலவும் நேரமும் உங்களுக்குத்தான் தாங்கும், ஆகவே தொடங்கவேண்டியவர்களும் நீங்கள்தான். வட்ஸ்அப் செய்திகள் குறியாக்கத்தில் போனாலும் அவற்றின் பேக்கப் கூகுள் டிரைவில் அப்படிப் பூட்டப்பட்டிருப்பதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். நீங்கள் கேட்டு வாங்கிய காணி உறுதியும் அடையாள அட்டையும் அங்கேதான் கிடக்கின்றன. பூட்டும் வசதி 2021-லேயே வந்துவிட்டது, அதை நாமாக இயக்கவேண்டும். ஓகஸ்ட்டில் மடுத் திருவிழாவுக்கு ஊர் வரும்போது அம்மாவின் போனை வாங்கி, அமைப்புகளில் 'சட்ஸ்', அதற்குள் 'சட் பேக்கப்' போய் முனைக்கு முனை குறியாக்கத்தை இயக்கிவிடுங்கள். கடவுச்சொல்லை மறந்தால் நிறுவனத்தாலும் மீட்டுத் தரமுடியாது. ஆகவே அதை ஒரு கொப்பியில் எழுதி, உறுதி வைத்திருக்கும் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போங்கள்.