மேட்டூர் அணையைக் காக்கும் 16 கண் மதகு

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதில் 120 அடி வரை தண்ணீர் தேக்கலாம்.

அணை நிரம்பிய பிறகும் வெள்ளம் வந்தால்?

தண்ணீர் சுவருக்கு மேலே வழிந்து கொட்டும். அடிவாரத்தை அரித்துக் குழி பறிக்கும். அது அணைக்கே ஆபத்து!

இதைத் தடுக்கத்தான் 16 கண் மதகு. அது பெரிய சுவரில் இல்லை. ஒரு பக்கமாகத் தனியே இருக்கிறது. அதன் இரும்புக் கதவுகளைத் தூக்கினால், உபரி நீர் தனி வழியாக ஓடி, கீழே காவிரியில் சேர்ந்துவிடும். 2024 ஜூலையில் அணை நிரம்பியபோது இந்த மதகு திறக்கப்பட்டது.

வரும் தண்ணீரை அளந்து, அதற்கு ஏற்றபடியே கதவுகளைத் தூக்குவார்கள். கரையோர ஊர்களுக்கு முன்னதாகவே எச்சரிக்கை போகும்.

அணை பிழைத்துக் கொள்ளும். ஆற்றில் இறங்கியவர் பிழைப்பது கடினம். எச்சரிக்கை வந்தால் உடனே கரை ஏறிவிட வேண்டும்!